பதினாலு நாள் கெடு

நல்லகாமன் அன்று முட்டைக்கூடை இல்லாமல் வந்தார். பின்னால், பிள்ளையை மார்போடு அணைத்தபடி அவர் மனைவி தங்கப்பொண்ணு.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எழுமலையிலிருந்து முட்டை கொண்டுவருகிறவர் அவர். கடை முட்டையில் குஞ்சாகும் கரு இருக்காது. சேவலோடு திரிகிற நாட்டுக்கோழியின் முட்டைதான் வேண்டும். அதை எட்டு நாள் சூட்டில் வைத்து, கருவின் மூளைச் செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது என் வேலை. எண்பத்து நான்கில் மதுரையில் இதைச் சொன்னால் கிறுக்கன் என்பார்கள். என் வீட்டிலேயே சொன்னார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் நல்லகாமன் ஒன்று கேட்டார். நான்கு மாதப் பிள்ளைக்கு வலிப்பு. பெரியாஸ்பத்திரி மருந்தை ஊற்றியும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்துவிடுகிறது, ஏன் என்று. எனக்கு வாய் சும்மா இருக்குமா? தட்டுகளைக் காட்டினேன். மருந்து வந்து ஒட்டுவதற்குச் செல்லில் இடங்கள் உண்டு, ஏற்பிகள் என்போம். இளஞ்செல்லில் அவை கொஞ்சம்தான், முதிர முதிரத்தான் பெருகும் என்றேன். எம்புட்டு நாளாகும் என்றார். பதினாலு நாள் என்றேன். அது தட்டில் வளரும் கோழிச் செல்லின் கணக்கு என்பதைச் சொல்லவேயில்லை. மூன்று வருடமாக ஒருத்தரும் காதுகொடுக்காத ஆராய்ச்சியை ஒரு மனிதர் கண்கொட்டாமல் கேட்டார். அந்தப் பெருமையில் உளறிவிட்டேன்.

இப்போது பிள்ளையின் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. உதடு கறுத்திருந்தது. நல்லகாமன் சட்டைப்பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினார். முக்கால்வாசிக்குமேல் மருந்து அப்படியே இருந்தது.

"இன்னையோட பதினாலு நாளு சார். எடமே இல்லாதப்ப எதுக்கு வீணாக்கணும்னு அன்னைலருந்து ஒரு சொட்டு ஊத்தல. நீங்க பக்கத்துல இருந்து குடுத்தாத் தேவலைன்னு வந்தோம்."

இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்த வலிப்பு, இப்போது மூன்று நாளாக விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறதாம். சார் சொன்ன கெடு வரட்டும் என்று இருவரும் பொறுத்திருக்கிறார்கள். இந்தப் பாவியை நம்பி.

பல்கலைக்கழக வேன் ஓட்டும் மருதுவைக் கத்திக் கூப்பிட்டேன். வேனில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணே, நான் சொன்னது கோழிக் கணக்கு. பிள்ளைக்கு எம்புட்டு நாளுன்னு எனக்குத் தெரியாது. மருந்த நிறுத்தியிருக்கவே கூடாது."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "கோழிக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கப்பொண்ணு அவர் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கினாள். இழுக்கும்போது ஊற்றினால் புரையேறிவிடும் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. பிள்ளையை மடியில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகினாள். பதினாலு நாளில் மருந்தின் சர்க்கரை காய்ந்து மூடி இறுகிப்போயிருந்தது. முந்தானையைச் சுற்றித் திருகினாள், பல்லால் கடித்தாள். மூடி அசையவில்லை.