கறிவேப்பிலை இல்லாத குழம்பும் ஒரு வேலியும்

1

இந்தக் கதை என் தட்டின் ஓரத்தில் பிறந்தது. நான் ஒதுக்கிவைத்த கறிவேப்பிலைகளைப் பார்த்து, "இதுங்கள ஒதுக்கத் தெரியுது இல்ல, ஒரு கதையும் எழுதறதுதான?" என்றாள் மனைவி. கோபத்தில் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். எழுத்தாளர்கள் அப்படித்தான் பிழைக்கிறோம்.

2

முதல் தொடக்கம்: ஜவ்வாது மலையின் மடியில், பனி போர்த்திய புதூர்நாட்டில்... (வேண்டாம். குழம்பு வைக்கப் பனி எதற்கு?)

இரண்டாம் தொடக்கம்: புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். ராஜேஸ்வரி நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிறாள். ஜீப் ஓட்டும் அவள் மகன் ரஞ்சித்துக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா ஜீவானந்தம் வீடு பார்க்க வந்தார். வந்ததும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

கதை இங்கேயே முடிந்துவிட்டது.*

(* சம்பந்தம் பிடிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம். நான் அவசரப்பட்டுச் சோறு போட்டதில் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது. இலையை எடுத்துவிட்டு ஜீவானந்தத்தை மறுபடி ஜீப்பில் ஏற்றி மலைப்பாதைக்கே அனுப்பியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும் ஐயா, பசியோடு வாருங்கள்.)

3

ராஜேஸ்வரி வறுத்து அரைக்கும் கறித்தூளுக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் அவள் வீட்டில் கறிவேப்பிலை மரம் கிடையாது. மரம் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவுடையது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தூள் போகும், அந்தப் பக்கமிருந்து இலை வரும். போன பொங்கலுக்குத் தூள் தீர்ந்துபோய் அம்மாக்கண்ணு கடைப் பாக்கெட் வாங்கினாள். ராஜேஸ்வரி அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அன்றோடு இலை நின்றது.

இப்போது குழம்பு கொதிக்கிறது. தாளித்துக் கொட்டக் கறிவேப்பிலை இல்லை. இதற்கு முன் வந்த இரண்டு பெண் வீட்டாரும் கை நனைக்காமலே போய்விட்டார்கள். ராஜேஸ்வரிக்குப் பயம். இந்த இடத்தில் நானும் சிரிக்கவில்லை.

"உங்க கொல்லையில ஒரு மரம் எழுதிடட்டுமா?" என்றேன்.

"நீங்க எழுதற மரத்துல வாசன வருமாங்க? காயிதம்தான் நாறும்."

"சரி, இலை இல்லாமலே தாளிச்சா?"

"இன்னாங்க பேசறீங்க? சம்பந்திக்கு ஊத்தற கொழம்பு. நீங்க ஓரமா எடுத்து வைக்கற ஆளு, உங்களுக்கு இன்னா தெரியும்?"

என் மனைவி இவளிடம் எப்போது பேசினாள் என்று தெரியவில்லை.

"அம்மாக்கண்ணுகிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"அவ மூஞ்சில போய் முழிக்கறதுக்கு நான்..." (வாக்கியத்தை முடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். அப்படியே விட்டிருக்கிறேன்.)

4

நானே வேலியோரம் போனேன்.

"உங்களுக்குத் தர மாட்டேங்க," என்றாள் அம்மாக்கண்ணு. "அவளாவது இந்த ஊருக்குத்தான் சொன்னா. நீங்க பாக்கெட் தூள் சமாச்சாரத்த புஸ்தகத்துலயே போட்டுட்டீங்க."

அதற்குள் கீழே திருப்பத்தில் ஜீப் சத்தம் கேட்டது. அம்மாக்கண்ணுவுக்கும் கேட்டது. ரஞ்சித்தை இடுப்பில் வைத்துச் சோறூட்டியவள் அவள். என்னை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தாள். ஆமாம், படிக்கிற உங்களைத்தான். மரத்தில் ஒரு கொத்தை ஒடித்து வேலிக்கு மேலே நீட்டினாள்.

"இந்தாங்க. புள்ள கல்யாணம் நின்னுடக் கூடாது. ஓடிப்போய் குடுங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள், குழம்பு தீய்ந்துவிட்டது. இன்னொன்றில் ஜீவானந்தம் கை நனைத்தார், ஆனால் கறிவேப்பிலையை ஒதுக்கிவைத்து... (அடித்துவிட்டேன். வீட்டில் படிப்பார்கள்.)

ஆகவே என்னை விட்டுவிடுங்கள். கொத்து உங்கள் கையில் இருக்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. வாசலில் ஜீப் நிற்கிறது. ராஜேஸ்வரி கொத்தை வாங்கிக்கொண்டு, "யார் குடுத்தாங்க?" என்று கேட்பாள். கடையில் வாங்கினேன் என்பீர்களோ, உண்மையைச் சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த மரத்து வாசனை அவளுக்குத் தெரியும். தெரியாமல் கேட்கவில்லை.