பின்சீட்டில் இருந்தவள்

"ஏனுங்க, மெதுவாப் போங்க."

வள்ளியாத்தாள் இதோடு பத்துத் தடவை சொல்லிவிட்டாள். கணவன் ஆறுச்சாமியைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். லாரி ஒன்று உரசுவதுபோல் தாண்டிப் போகும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெருந்துறையிலிருந்து கோபிசெட்டிபாளையம் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் லாரிக்குக் குறைவில்லை.

"நாப்பதுலதான் போறேன் அம்மணி. இப்படி இறுக்கிப் புடிக்காத, நெஞ்ச அடைக்குற மாதிரி இருக்குது" என்றார் ஆறுச்சாமி.

கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் இன்னும் இறுக்கினாள்.

ஐம்பத்தாறு வயதில் அவர் வண்டி ஓட்டப் பழகியதே பிழைப்புக்காகத்தான். அதுவரை வேலைக்குப் போக கம்பெனி பஸ் இருந்தது. புதிதாகச் சேர்ந்த குடோனுக்குப் பஸ் கிடையாது. வண்டி வாங்கப் போகிறேன் என்றதும் வள்ளியாத்தாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவளுடைய தம்பி புது வண்டி வாங்கிய நாலாம் நாள் இதே சாலையில்தான் செத்துப்போனான். இருபத்தொரு வயசு. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி அடையாளம் காட்டியவர் ஆறுச்சாமி.

"எனக்கும் பயந்தான். அதனாலதான் முறையாப் பழகப் போறேன்" என்றார்.

பெரியவர்களுக்கு வண்டி பழக்கும் ஹபீபுன்னிசாவிடம் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு. முதல் நாள் அவள் சாவியையே கொடுக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவிட்டாள். கீழே சாய்த்துப் போட்டு, முதுகு பிடிக்காமல் எப்படித் தூக்குவது என்று காட்டினாள். "மொதல்ல ஹெல்மெட் வாங்குங்கண்ணா. வண்டி அப்பறம்" என்றாள். ஆறு வாரம் கழித்துத்தான் வாங்கவே விட்டாள். கடைக்காரன் பெரிய எஞ்சின் வண்டியைக் காட்டினாலும் மயங்கக் கூடாது, உட்கார்ந்து பார்த்து ரெண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தால் மட்டும் வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஆறுச்சாமி செருப்புப் போட்டுப் பார்ப்பதுபோல் ஐந்து வண்டியில் ஏறி இறங்கி, இருப்பதிலேயே லேசானதை வாங்கி வந்தார். ஒரு மாதம் யாரையும் பின்னால் ஏற்றவில்லை; ஞாயிறு வகுப்பையும் விடவில்லை.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக வள்ளியாத்தாள் ஏறியிருந்தாள். கோபியில் அவளுடைய அக்கா வீடு வரைக்கும்.

வாழைத்தோட்டம் ஒன்றைத் தாண்டும்போது வண்டியின் வேகம் குறைந்தது. இடதுபக்க இண்டிகேட்டர் விளக்கு மினுங்கத் தொடங்கியது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வந்த டெம்போவுக்கு வழிவிட்டு, மெல்ல மெல்ல ஓரம் கட்டி, மண்ணில் இறக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டார்.

"என்னாச்சுங்க?"

"நீ மொதல்ல எறங்கிக்க அம்மணி."

குரல் சன்னமாக இருந்தது. அவள் அவர் தோளைப் பிடித்து இறங்கினாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னும் தள்ளி நில்லு. ரோட்டுப் பக்கம் போவாத."

காலால் ஸ்டேண்டைத் தள்ளிவிட்டார். வண்டி அதில் சாய்ந்து நின்றது. அப்படியே ஹேண்டில்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். களைப்பாறுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். கூப்பிட்டும் உலுக்கியும் அவர் நிமிரவில்லை; ஹெல்மெட்டின் வாரை எப்படிக் கழற்றுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போட்ட கூச்சலுக்கு ஒரு கார் நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "ஹார்ட் அட்டாக்குங்கம்மா. வர்றப்பவே உசுரு இல்ல."

நடைபாதையில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எங்கீங்க உழுந்தாரு?"

"உழுவலீங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அவள் புடவையில் ஒரு பொட்டு மண்கூட இல்லை.

மதியம் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. மகள் வர்ஷினி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். வள்ளியாத்தாளுக்கு அழுகை வரவில்லை. அவருடைய நெஞ்சின்மேல் கிடந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சை அடைக்குது என்றாரே. எத்தனை மைலுக்கு முன்னால் சொன்னார்? இந்தக் கையால்தானே இறுக்கினேன். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வாசலில் சத்தம் உயர்ந்தது. கொழுந்தன் வெள்ளியங்கிரி யாரையோ மறித்துக்கொண்டு நின்றான்.

"இந்த வயசுல எங்கண்ணன உசுப்பேத்தி வண்டி வாங்க வெச்சது நீங்கதானுங்களே? இப்ப எதுக்கு வந்தீங்க?"

ஹபீபுன்னிசா கையில் மாலையோடு படியிலேயே நின்றாள்.

"தம்பி, அவுங்கள உள்ள உடுங்க" என்றாள் வள்ளியாத்தாள். ஆஸ்பத்திரியை விட்டு வந்தபிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. வெள்ளியங்கிரி விலகினான்.

ஹபீபுன்னிசா மாலையை வைத்துவிட்டு அவளருகே குனிந்தாள். "எப்படிங்கக்கா?"

"ஓரமா நிறுத்துனாரு. என்னைய எறக்கி உட்டாரு. அப்பறந்தான்..."

ஹபீபுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"போன வாரம் கிரவுண்ட்ல திடீர்னு உக்காந்துட்டாருங்கக்கா. வேர்த்துக் கொட்டுச்சு. வெயில்ல ஹெல்மெட் போட்டிருக்காருன்னு நெனச்சு தண்ணி குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நாஞ் சொல்லல. ஒங்க மொகத்தப் பாக்கவே பயமா இருந்துச்சு."

வள்ளியாத்தாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நெஞ்சை அடைக்குது என்று அவர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். புடவைக்குள் விரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

வெளியே பாடைக்கு மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரேசமயத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

வள்ளியாத்தாள் பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.