மாதிரி எப்படியோ அப்படி

ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் என்பதால், மனைவியின் அண்ணன் அவனுக்கு மீட்டர் என்று பெயர் வைத்திருந்தார். கடை மூடிப்போய் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்ததிலிருந்து, மச்சானின் லேத் பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளுவதும் எண்ணெய் துடைப்பதும்தான் மீட்டரின் வேலை. மிஷின் பக்கம் கை போனால், "மாப்பிள்ளை, அது கத்தரிக்கோல் இல்லை" என்பார் மச்சான்.

அப்போதுதான் அந்தப் பழைய கார் வந்தது. பின் அச்சின் தண்டு, பட்டறையில் ஷாஃப்ட் என்பார்கள், இரண்டாக ஒடிந்திருந்தது. அந்த வண்டிக்கு இப்போது எங்கேயும் சாமான் கிடைக்காது. புதிதாகக் கடைந்துதான் போட வேண்டும்.

ஒடிந்த துண்டுகளை மச்சான் மீட்டரின் கையில் வைத்தார். "இதை நீங்க செய்யுங்க. சரியா உள்ளே போயிட்டா ரெண்டாவது லேத் உங்களுது. தனிக்குடித்தனம் வேணும்னு கேட்டுட்டே இருந்தீங்களே, அதுக்கும் நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

"போகலேன்னா?" என்றார் ஃபிட்டர், அரத்தை நிறுத்தாமல்.

"போகலேன்னா மாப்பிள்ளை அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாரு. என்ன மாப்பிள்ளை?"

மீட்டர் தலையாட்டினான்.

ஷாஃப்டின் ஒரு நுனியில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். அவை அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரத்தின் துளைக்குள் பொருந்தினால்தான் வண்டி நகரும். பழைய துண்டில் அந்தப் பற்கள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. மீட்டர் அதைக் கவனிக்காமல் இல்லை.

"மச்சான், இது கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி..."

"அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் காரணமில்லாமலா சாய்ப்பான்? மாதிரி எப்படியோ அப்படி. சொந்த மூளையை உள்ளே விட்றாதீங்க."

"பல்சக்கரத்தை ஒருதரம் வச்சுப் பார்த்தா..."

"அது வெளியே கொடுத்திருக்கு."

மில்லிங் மிஷினில் ஃபிட்டர் மேலோட்டமாக வெட்டிக் கொடுத்தார். மிச்சத்தை மீட்டர் அரத்தால் அராவினான். ஒவ்வொரு பல்லையும் மாதிரியோடு ஒட்டிவைத்துப் பார்த்து, அதே சாய்வு வரும்வரை அராவினான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. மனைவி எண்ணெய் தடவிவிட்டு, "பொறுமையா செய்யுங்க" என்றாள். பட்டறையில் ஆளாளுக்கு டீ குடிக்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்தார்கள். "கை நல்லா வந்திருச்சு உங்களுக்கு" என்று ஃபிட்டர் சொன்னபோது வெல்டருக்குப் புரையேறியது.

கார்க்காரர் வந்த அன்று பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வந்து நின்றார்கள். தன் வேலையைப் பார்க்கத்தான் இத்தனை பேர் என்று நினைத்து, மீட்டர் சட்டையை மாற்றிக்கொண்டான்.

மச்சான் ஒரு துணி மூட்டையை அவிழ்த்துப் பல்சக்கரத்தை எடுத்தார். சுற்றியிருந்தது மீட்டரின் மனைவியுடைய பழைய நைட்டி.

ஷாஃப்ட் துளையின் வாயிலேயே நின்றுவிட்டது. மீட்டர் திருப்பிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து துளைக்குள் பார்த்தான். உள்ளே பற்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன.

"இத்தனை வருஷம் வண்டியை இழுத்ததுல பழைய இரும்பு, பிழிஞ்ச துண்டு மாதிரி முறுக்கிக்கிச்சு மாப்பிள்ளை. நீங்க அந்த முறுக்கையும் சேர்த்துச் செஞ்சிருக்கீங்க."

மேசைக்கு அடியிலிருந்து மச்சான், தான் முன்பே நேர்ப் பல் வெட்டி வைத்திருந்த இன்னொரு ஷாஃப்டை எடுத்தார். அது சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கார்க்காரர் மட்டும் முதலில் முகம் சுளித்தார். தன் சாமான் தயார் என்று புரிந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார்.

சாயங்காலம் மீட்டர் மனைவியிடம் கேட்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"சக்கரம் என் அலமாரியிலதானே இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா லேத் வந்திருக்கும். வந்தா தனிக்குடித்தனம்னு பெட்டியைத் தூக்குவீங்க." அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "யாரு வரா உங்ககூட?"

மறுநாள் மச்சான் பட்டறை வாசலுக்கு மேலே இரண்டு ஆணி அடிக்கச் சொன்னார். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றார். ஏணியில் ஏறி, தான் செய்த ஷாஃப்டை மாட்டியது மீட்டர்தான். கீழே எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

"நேரா இருக்கா பாருங்க மாப்பிள்ளை."

"இருக்கு மச்சான்."

"அவசரப்படாதீங்க. நல்லா பார்த்துச் சொல்லுங்க."

மீட்டர் நன்றாகப் பார்த்தான். ஒரு நுனியைக் கொஞ்சம் தூக்கிவிட்டான்.