மூன்று மேடும் ஒரு பள்ளமும்

பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குள் ஒரு ரகசியம் உண்டு. அது பல் டாக்டர்களின் காதுக்குப் போகக் கூடாது.

ஒரு பல்லுக்கான உறையை எவ்வளவு கச்சிதமாகச் செய்து அனுப்பினாலும் சில டாக்டர்களுக்கு மனசு ஆறாது. அதை வாயில் பொருத்தி, நீலக் கார்பன் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, எங்கே நீலம் அழுத்தமாக ஒட்டுகிறதோ அங்கே ராவுவார்கள். எங்கேயும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? விட மாட்டார்கள். தப்பு இல்லாமல் எப்படி இருக்கும் என்று தேடித்தேடி ராவி, நல்ல பல்லைக் குட்டிச்சுவராக்கி, "உங்க வேலை சரியில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் கூடத்தில் விவரம் தெரிந்தவர்கள் கடைவாய் ஓரத்தில் கடுகளவு மேடு ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். டாக்டர் அதைக் கண்டுபிடிப்பார். முகம் மலரும். இரண்டு ராவு ராவுவார். பல் பிழைத்துக்கொள்ளும். அந்தக் கடுகுக்கு 'டாக்டர் மேடு' என்று பெயர்.

பதினான்கு வருடம் டாக்டர் மேடு வைத்துப் பழகிய கை அவளுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் மூன்று பக்கக் கடிதம் ஒன்றை விரித்து வைத்துவிட்டு, வாசல் மணி அடிப்பதற்காகக் காத்திருந்தாள். கடிதத்தில் மூன்று மேடு வைத்திருந்தாள்.

வரப்போகிறவன் அவளைப் பிரிந்து இரண்டு வருடமான கணவன். ஊரில் உள்ள கட்டிடங்களின் லிப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவன் வேலை. உத்தியோகப் பெயர் நீளமானது. வீட்டில் எல்லாருக்கும் அவன் இன்ஸ்பெக்டர்தான். அவன் கையெழுத்துப் போட்ட லிப்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். ஆனால் கையெழுத்து வாங்குவதற்குள் ஏறுகிறவனுக்கு வயதாகிவிடும். மகளின் பள்ளியில் ஒருமுறை மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப்போக அப்பாக்களிடம் சம்மதம் கேட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கே போய்ப் பேருந்தின் டயர்களைக் குனிந்து பார்த்து, டிரைவரின் மூக்குக்கண்ணாடி பவரை விசாரித்து, சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, வேறு பேருந்தில் போன பிள்ளைகள் யானையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அவன் தப்புகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தான். அவள் ஒளித்துவைத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் இரண்டு பேருக்கும் அலுத்துப்போயிற்று.

இப்போது அவளுக்குக் கடல் கடந்து ஒரு பல் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மகளையும் கூட்டிப்போகலாம். அதற்கு அப்பா சம்மதித்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை விசா அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. அதுவரை அந்த வேலை அவளுக்காக நாற்காலி போட்டுக் காத்திருக்காது.

மணி அடித்தது. கதவைத் திறந்தது மகள். வயது ஒன்பது. யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிற வழக்கத்தால் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் விழுந்திருந்தது.

"அப்பா, நாலு நிமிஷம் லேட்டு."

"உங்க பில்டிங் லிப்ட் மூணாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்குச்சு. நின்னு பாத்தேன்."

"அது அம்மா கல்யாணமாகி வந்ததிலேர்ந்தே குலுக்குதாம்."

"நானும்தான் அன்னையிலேர்ந்து சொல்றேன், யார் கேக்கறா?" என்றபடி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தான். கோணலாகக் கிடந்த கடிதத்தின் விளிம்பை மேசையின் விளிம்போடு சேர்த்து நேராக்கினான்.

அவள் தேநீர் வைத்தாள். "படிச்சுப் பாருங்க. அவசரமே இல்ல," என்றாள்.

அவன் படித்தான். அவன் படிக்கும்போது வீட்டில் ஒரு மௌனம் வந்து உட்காரும். நாற்காலி கேட்காது, தண்ணீர் கேட்காது, போகவும் போகாது. பதினோரு வருடம் அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அதற்கு வேளாவேளைக்குச் சோறு போடாதது ஒன்றுதான் பாக்கி.

"அங்க வீடு ஏழாவது மாடின்னு போட்டிருக்கு," என்றான் கடைசியில். "லிப்ட் இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல."

முதல் மேடு. "அடடா!" என்று அவள் நெற்றியில் கை வைத்தாள். "ரெண்டு லிப்ட் இருக்கு. எழுத விட்டுப்போச்சு பாருங்க."

சிவப்புப் பேனா ஓடியது. பக்கம் புரண்டது.

"ஸ்கூலுக்கு நடந்தா பத்து நிமிஷம்னு இங்க இருக்கு. அடுத்த பக்கத்துல இருபது நிமிஷம்."

"ஐயோ! நான் எத்தனை தடவை படிச்சேன்!"

"உயரம் நூத்தி இருபத்தெட்டு சென்டிமீட்டர். இது போன வருஷத்துக் கணக்கு. இவ இப்ப நூத்தி முப்பத்தொண்ணு. போன மாசம்தான் கதவுகிட்ட நிக்கவெச்சு அளந்தேன்."

"முப்பத்தொண்ணரை," என்றாள் ஜட்ஜம்மா.

"பாத்தீங்களா, எனக்குத் தெரியவே இல்ல," என்று அவள் மூன்றாவது முறையாக வியந்தாள். அந்த வியப்பில் அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மூன்றும் போயிற்று. இனி வழவழவென்று கையெழுத்து வரைக்கும் சறுக்கு மரம்தான்.

மூன்றாவது பக்கத்தின் பாதியில் பேனா நின்றது.

இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. அவன் அந்த வரியை ஒருமுறை படித்தான். விரலை வைத்து மறுபடி படித்தான். பிறகு பேனாவுக்கு மூடி போட்டுவிட்டான்.

"என்ன?" என்றாள்.

"தினமும் அந்த ஊர்ல சாயங்காலம் ஆறரைக்கு இவ என்கூட பேசுவா. அதானே எழுதியிருக்க?"

"ஆமா. இங்க அப்ப மத்தியானம் பன்னண்டரை. உங்களுக்குச் சாப்பாட்டு நேரம். யோசிச்சுத்தான் போட்டேன்."

"யோசிச்சுத்தான் போட்டிருக்க." அவன் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினான். "பன்னண்டரைதான். ஆனா ராத்திரி பன்னண்டரை. அந்த ஊர் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால. முன்னால இல்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"லிப்டும், பத்து நிமிஷமும், நூத்தி இருபத்தெட்டும் எனக்காக நீ வெச்ச மேடு. கல்யாணமான புதுசுல டாக்டர் மேடு கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சது யாரு? சரி, ஆசையா வெச்சிருக்கா, கண்டுபிடிச்சுட்டுப் போவோம்னு கண்டுபிடிச்சேன். ஆனா இது மேடு இல்ல, பள்ளம். ஊரே தூங்கற நேரத்துல அப்பன் எங்க போன் எடுக்கப்போறான்னு தோண்டிவெச்ச பள்ளம். மூணு மேட்டுல மனசு நெறைஞ்சு நான் இதைப் பாக்காம போட்டுடுவேன்னு நெனச்ச."

"இல்லங்க! சத்தியமா..." என்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கையையும் 'அடடா'வையும் 'ஐயோ'வையும் ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது. இப்போது நிஜமாகவே திடுக்கிட்டிருக்கிறாள். அதைக் காட்ட ஒரு முகம்கூட மிச்சமில்லை.

அவன் எழுந்தான். நாற்காலியை மேசைக்குள் தள்ளினான். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை, விசா, ஏழாவது மாடி எல்லாம் அந்த நாற்காலியோடு மேசைக்கு அடியில் போவதை அவள் பார்த்தாள்.

"அப்பா, நில்லுங்க," என்றாள் ஜட்ஜம்மா. "அம்மா வேணும்னு செஞ்சாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"செய்யலங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"சமையல்கட்டுல இருக்கு. வாங்க."

சமையல்கட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றின் கீழே 'இங்கே', மற்றதன் கீழே 'அங்கே'. போகும் முன்பே அந்த ஊர் நேரம் மகளுக்குப் பழகட்டும் என்று ஒரு மாதம் முன்னால் அவள் மாட்டியது. இங்கே பதினொன்று. அங்கே ஐந்து.

"சரியாத்தானே இருக்கு," என்றான் இன்ஸ்பெக்டர். உடனே அவனுக்கே உறைத்தது. ஆறு மணி நேரத்தை முன்னால் தள்ளினாலும் பின்னால் தள்ளினாலும் முள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

"கீழ படிங்க."

கடிகாரத்தின் கீழே அவள் கையெழுத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. 'இங்கே காலை 11 - அங்கே மாலை 5. பிள்ளைகள் பூங்காவில் விளையாடும் நேரம்.' பக்கத்தில் ஊஞ்சலாடும் ஒரு பெண்ணின் படம், ஜட்ஜம்மா வரைந்தது.

"இப்ப அங்க விடியக்காலை அஞ்சு," என்றான் அவன் மெதுவாக. "எந்தப் பிள்ளைம்மா விளையாடும்?"

"ஆதாரம் நம்பர் ரெண்டு," என்றாள் மகள். "அம்மா அந்த ஊர் மேனேஜருக்கு நாலு தடவை போன் பண்ணாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"காலைல பத்து மணிக்கு," என்றாள் அம்மா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவருக்கு அப்ப சாயங்காலம் நாலு, வேலையெல்லாம் ஓஞ்சிருக்கும்னு..."

அவன் விரல் விட்டு எண்ணவில்லை. தேவைப்படவில்லை. "விடியக்காலை நாலு மணிக்கு. நாலு தடவை."

"அவர் ரொம்ப மென்மையாப் பேசினாருங்க. கிசுகிசுன்னு. எவ்வளவு தன்மையான மனுஷன்னு நெனச்சேன்."

"பொண்டாட்டி முழிச்சுக்குவாளேன்னு பேசியிருக்கான்!"

"ஒவ்வொரு தடவையும் கொட்டாவி விட்டாரு," என்றாள் ஜட்ஜம்மா. "அந்த ஊர்ல ஆபீஸ்ல அப்படித்தான் இருப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க."

அம்மாவின் முகத்தில் ரத்தம் இறங்கிப்போயிருந்தது. தூக்கத்தில் எழுப்பிச் சம்பாதித்த வேலையா இது? மனுஷன் போனை வைத்தால் போதும் என்றுதான் 'சரி, சேர்ந்துக்கங்க' என்றாரோ? அவள் அப்படியே அடுப்பு மேடையில் கை ஊன்றி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தான். பல வருடங்களுக்குப் பிறகு, அவள் ஒளித்துவைக்காத ஒரு தப்பு அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தது. அவன் தோள் குலுங்கியது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம்; பிறகு குளிர்பதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தன்மையான மனுஷன்! தன்மையான மனுஷன்!" கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். சிரித்து வந்த நீருக்கு அத்தனை நேரம் ஆகாது.

மறுபடி மேசைக்கு வந்தார்கள். அவன் பேனாவின் மூடியைக் கழற்றி, மூன்றாவது பக்கத்தில் 'மாலை'யை அடித்து 'காலை' என்று எழுதினான். "அங்க காலை ஆறரைன்னா எனக்கு மத்தியானம் பன்னண்டரை. சரிதானே?"

"நான் சம்மதிக்கல," என்றாள் ஜட்ஜம்மா. "ஆறரைக்கு நான் எந்திரிக்கவே மாட்டேன்."

அவளை எழுப்ப என்ன பாடுபட வேண்டும் என்பது தெரிந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்திரிக்க வேண்டாம்," என்றான் அப்பா. "போனை அம்மா உன் தலகாணி மேல வைக்கட்டும். நீ குறட்டை விடு. நான் சாப்பிட்டுக்கிட்டே கேட்டுக்கறேன்."

"நான் குறட்டை விட மாட்டேன்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

வியாழக்கிழமை நோட்டரி அலுவலகத்தில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். திருத்தி அடித்த கடிதத்தை இரண்டு பிரதிகளாக அவள் கொண்டுவந்திருந்தாள். நோட்டரி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கடிதத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் நகர்த்தினார்.

"நல்லாப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் படிக்கவில்லை. நேராக முதல் பக்கத்தின் அடிக்குப் போனான்.

"சார், படிக்காம போடக் கூடாது. பொண்ணு விஷயம்."

"ஞாயித்துக்கிழமை படிச்சாச்சு. இன்னொரு தடவை படிச்சா போட மாட்டேன் சார்."

நோட்டரி அவளைப் பார்த்தார். அவள் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிப்டுக்கு எண்ணெய் போட்டாச்சா என்று நாலு தடவை கேட்கிற ஆள், பெற்ற பெண்ணை அனுப்பும் காகிதத்தில் கண்ணை ஓட்டாமல் கையை ஓட்டினான். முதல் பக்கம் முடிந்தது.

"அப்பா," என்றாள் ஜட்ஜம்மா அவன் காதோரம். "நிஜமாவே படிக்கலையா? நடுவுல அம்மா அந்த மேனேஜரை எனக்கு அப்பான்னு எழுதியிருந்தா?"

"எழுதட்டும். அவருதான் கூப்பிட்டா நாலு மணிக்குக்கூட எந்திரிக்கறாரே."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவும் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே இரண்டாவது பக்கமும் மூன்றாவது பக்கமும் கையெழுத்தாயின.

நோட்டரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "முதல் பக்கத்துல ஒரு மாதிரி இருக்கு, மத்த ரெண்டும் ஆடிப்போயிருக்கு. அடையாள அட்டையில இருக்கறதோட ஒத்துப்போகணும் சார். இப்படிக் கொடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னொரு காப்பி இருக்கா?"

அவள் பையிலிருந்து இரண்டாவது பிரதியை எடுத்து வைத்தாள்.

"மறுபடியும் போடணுமா?" என்று கேட்டான் இன்ஸ்பெக்டர். குரலில் சிரிப்பு இல்லை.

"மூணு பக்கமும்."

அவன் பேனாவை உதறிக்கொண்டான். ஜட்ஜம்மா அவன் முழங்கை மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். அம்மா சுவரைப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் காகிதம் மடங்காமல் இருக்க நோட்டரி அதன் மேல் மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. மூன்று பக்கத்திலும் கையெழுத்து அச்சு அசலாக விழுந்தது.