அவிழாத கொடி

எங்கள் சாரணர் படைத் தலைவர் ஆர்மராட், தபால்காரர். படைக்குத் தலைமை தாங்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆண்டுக்கு இரண்டே வாரம் விடுமுறை. இரண்டையும் இங்கிலாந்தின் லங்காஷயர் மழையில் எங்களோடு கூடாரத்தில் கழிப்பார். ஒருமுறையாவது பிளாக்பூல் கடற்கரைக்குப் போகலாமென்று அவர் மனைவி பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆர்மராட்டை நாங்கள் 'ஸ்கிப்' என்போம். கைம்மாறாக அவர் தேநீரில் உப்புப் போடுவோம்.

1962ஆம் வருட முகாமில் கைம்மாறு பெரிதாயிற்று. வழக்கமாகக் கொடியைச் சுருட்டிக் கட்டி உச்சிக்கு ஏற்றிவிடுவோம். பிறகு கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து விரியும். அன்று காலை நானும் என் கூடாரத் தோழன் கிளெக்கும் ஸ்கிப்பின் நீளமான கம்பளி உள்ளாடையை அதற்குள் வைத்துச் சுருட்டினோம். முடிச்சு என் பொறுப்பு.

ஏற்றிய பிறகுதான் ஸ்கிப் சொன்னார்.

"டேய் பசங்களா, மாவட்ட ஆணையர் வர்றார். ஒழுங்கு சரியில்லேன்னா படையையே கலைச்சிடுவாராம். இன்னிக்கு ஒரு நாள் மனுசங்களா இருங்கடா."

"செத்தோம்டா," என்றான் கிளெக். "இறக்கிடலாமா?"

"எங்க இறக்கறது? அந்தா, கார் வந்துருச்சு."

ஆணையர் மேஜர் ஹாலிவெல் வந்து விறைப்பாக நின்றார். ஸ்கிப் கயிற்றைச் சுண்டினார். கொடி விரியவில்லை. மறுபடி சுண்டினார். உள்ளே இருப்பது என்னவென்று பதினெட்டுப் பையன்களுக்கும் தெரியும். ஒருவனும் மூச்சு விடவில்லை. தேவாலயத்தில்கூட நான் அப்படி உருகி வேண்டியதில்லை: அவிழாதே.

கடைசியில் மேஜர் அந்த மூட்டைக்கே வணக்கம் வைத்தார். நாங்களும் வைத்தோம்.

"முடிச்சு படுமோசம், ஆர்மராட். ஆனா ஒரு பயகூடச் சிரிக்கலையே! இந்தக் கட்டுப்பாட்டை நான் ராணுவத்துலயே பார்த்ததில்ல. படை இருக்கட்டும்."

கார் போனதும் ஸ்கிப் கொடியை இறக்கினார். முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளே இருந்ததை எடுத்து உதறினார்.

"காலையிலேருந்து தேடுறேன். குளிர்ல காலே மரத்துப்போச்சு."

"மன்னிச்சிடுங்க, ஸ்கிப்."

"முடிச்சுப் போட்டது யாரு?"

கையைத் தூக்கினேன்.

"ரெண்டு வருஷமா சொல்லித் தர்றேன். இவ்வளவு மெனக்கெட்டுட்டு முடிச்சுல கோட்டை விட்டுட்டியேடா! வா, உட்காரு."

மதியம்வரை அந்த ஒரு முடிச்சையே போட்டேன். அடுத்த ஆண்டும் திருமதி ஆர்மராட் பிளாக்பூல் போகவில்லை.