ஸோர்க்காவின் மொழி

மெல்பேர்ணின் மேற்கே சுஜீவா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஸோர்க்காவுக்குத்தான் வயது அதிகம். நூற்றை நெருங்கிக்கொண்டிருந்தாள். குரோவேசியாவின் கடற்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படை அவளுடைய அண்ணனைச் சுட்டுக் கொன்றபோது அவளுக்குப் பதினைந்து வயது. கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் சேர்ந்தாள். மலையில் இருந்த போராளிகளுக்கு மீன் கூடையின் அடியில் துப்பாக்கி ரவைகளை மறைத்துக் கொண்டுபோனாள். பிறகு அவளே துப்பாக்கி தூக்கினாள்.

போருக்குப் பல வருடங்களின் பின் கணவனோடு அவுஸ்திரேலியா வந்தாள். இங்கிருந்த குரோவேசியர் பலர் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் அவளைச் சேர்க்கவில்லை. அவளும் தன் கொள்கையை மறைக்கவில்லை.

அதே இல்லத்தில் அந்தே என்ற குரோவேசியரும் இருந்தார். போர் முடிந்த வருடம் அவருடைய தகப்பனை ஸோர்க்கா சார்ந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் சுட்டுவிட்டார்கள். அவர் அப்போது சிறுபிள்ளை. ஸோர்க்கா யாரென்று தெரிந்த நாளிலிருந்து அவள் இருக்கும் மேசையில் அவர் சாப்பிட்டதில்லை.

போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆங்கிலம் முழுக்க மறந்துபோயிற்று. போனில் மொழிபெயர்ப்பாளர் பேசியதை அவர் காதில் வாங்கவேயில்லை. கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொண்டார்.

"ஸோர்க்காவிட்டக் கேட்டுப் பாப்பமே?" என்றாள் சுஜீவா.

"அவ வரமாட்டா. வந்தாலும் இவர் விடமாட்டார்," என்றாள் கூட வேலை செய்யும் பவளம்.

சுஜீவா போய்க் கேட்டாள். ஸோர்க்கா தன் அரைகுறை ஆங்கிலத்தில், "நாங்கள் போராடியது பிழையென்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும்படி அவன் கேட்காவிட்டால் வருகிறேன்," என்றாள்.

கட்டிலருகே அவளுடைய சக்கர நாற்காலியை நிறுத்தினாள் சுஜீவா. ஸோர்க்கா அவர்களின் மொழியில் மெல்லப் பேசினாள். அந்தே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அங்கிருந்து போகவில்லை. வெகுநேரம் கழித்து, திரும்பாமலேயே அவர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள்.

"என்ன கேட்டார்?" என்றாள் சுஜீவா.

"அப்பாவை எங்கே புதைத்தீர்கள் என்கிறான். தெரியாது என்றேன். என் அண்ணனை எங்கே புதைத்தார்கள் என்றும் எனக்குத் தெரியாது என்றேன்."

அந்தே மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். ஸோர்க்கா சூப்பை நீட்டினாள். பாதி போர்வையில் சிந்தியது. மீதியை அவர் குடித்தார்.

அதன்பின் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். சில நாட்களில் குரல் உயரும். பழைய சண்டைதான் என்று பவளம் சிரிப்பாள். வசந்தத்தில் அந்தே காலமானார். தேவாலயத்தில் எல்லாரும் சிலுவை போட்டு வணங்கினார்கள். ஸோர்க்கா போடவில்லை. ஆனால் சுஜீவாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை வெளியே கொண்டுபோகும் வரை எழுந்து நின்றாள்.