லெஸ்டரின் இடைவேளை

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. லொறெய்னின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, அவள் கணவர் லெஸ்டர் என்னைத் தன் வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப்போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் தலையில் கட்டிய கதை இது. முப்பது வருடச் சிநேகிதம். மறுக்க முடியவில்லை.

முதலில் பெயர்களை மாற்றினேன். என்ன பயன்? மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறிக் கொழும்புக்கு ஓபரா பார்க்கப் போகிற ஆள் ஒருவர்தான். எங்கள் ஊர் நடுவிலுள்ள புளியந்தீவில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே லெஸ்டர் லெஸ்டராகவே இருக்கிறார்.

2.

தொடக்கம் ஒன்று: வாவி அன்று அமைதியாக (அடித்துவிட்டேன். வாவி அமைதியாகக் கிடந்தால் இவருக்கென்ன?)

தொடக்கம் இரண்டு: லெஸ்டர் பதினொரு வருடம் வளைகுடாவில் ஓர் ஓபரா அரங்கின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். ஏணியும் ஸ்பனருமாக மேடைக்குப் பின்னால் நின்ற ஒருநாள், உள்ளே ஒரு பெண் பாடியது கேட்டு வேலையை மறந்து நின்றுவிட்டார். பாஷை விளங்கவில்லை, கண்ணீர் மட்டும் வந்தது. அடுத்த சம்பளத்தில் டிக்கெட் வாங்கி, இரவல் கோட்டுப் போட்டு, மேல்மாடியின் கடைசி வரிசையில் இருந்தார். அந்த இடத்து ஒழுங்குகள் அப்படியே ஊறிப்போயின. போனை அணைக்க வேண்டும், நடுவில் எழும்பக் கூடாது, முடிந்ததும் எழுந்து நின்று கை தட்ட வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு கிடைத்ததெல்லாம், கொழும்புத் தியேட்டர் ஒன்றில் மாதமொரு சனிக்கிழமை பகலில் காட்டும் ஓபராப் பதிவுதான். அதற்கும் மினுக்கிய சப்பாத்தோடு விடியற்காலை பஸ் பிடிப்பார். சுற்றியிருப்பவர்கள் பொப்கோர்ன் கொறித்துக்கொண்டு போனை நோண்ட, இவர் திரையைப் பார்த்து எழுந்து நின்று கை தட்டுவார். பின்வரிசையில் சிரிப்பார்கள். பாடியவர்களுக்குக் கேட்காதே என்றேன் ஒருமுறை. அது அவர்களுடைய நட்டம் என்றார்.

3.

லொறெய்னுக்கு இதய வால்வில் கோளாறு. அந்தச் சனிக்கிழமை லெஸ்டர் தயங்கத்தான் செய்தார். மகள் நோறா வீட்டில் இருக்கிறாள்தானே, போய்வாருங்கள் என்று அனுப்பியது லொறெய்ன். பகல் ஒரு மணிக்குக் குசினியில் அடுப்பருகே சாய்ந்தாள். நோறா ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தகப்பனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். தியேட்டரில் ஒருவரும் அணைக்காத போனை, அரங்கில் பழகிய மனிதர் அணைத்து வைத்திருந்தார். மூன்றரைக்கு லொறெய்ன் போய்விட்டாள்.

(அடிக்குறிப்பு: இது லெஸ்டருக்குத் தெரியாது, நோறா எனக்கு மட்டும் சொன்னது. லொறெய்னுக்கு நினைவு தப்பவில்லை. மூன்று மணியளவில், அவர் குரலைக் கேட்க வேண்டும் என்றாளாம். நோறா அழைப்பெடுத்துத் தாயின் காதில் வைத்தாள். இணைப்பு இல்லை என்று பதிவுக் குரல் மூன்று மொழியிலும் சொல்லி முடிக்கும்வரை லொறெய்ன் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.)

4.

இங்கேதான் எனக்கு எழுத்து ஓடவில்லை. இரண்டரைக்குத் தியேட்டரில் இடைவேளை விட்டார்கள்.

4அ. லெஸ்டர் இருக்கையை விட்டு எழும்பவில்லை. போன் சட்டைப்பையில் கிடந்தது. நாலரைக்கு வெளியே வந்துதான்

(வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. ஆனால் ஊர் நம்புவது இதைத்தான். நோறா இன்றும் அவருக்குச் சோறு போடுவது இதை நம்பித்தான்.)

4ஆ. லெஸ்டர் வெளியே வந்து போனைத் திறந்தார். ஒன்பது அழைப்புகள் தவறியதாகக் குறுஞ்செய்தி, எல்லாம் நோறா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையில் அது அடித்தது. இரண்டு தரம் அடிக்க விட்டார். உள்ளே விளக்கு மங்கியது. போனை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

"எனக்கு விளங்கிற்று மச்சான்," என்றார் பட்டறையில். "எடுத்தா நோறா சொல்லிருவாள். இன்னும் கொஞ்ச நேரம் லொறெய்ன் உசிரோட இருக்கட்டும் எண்டுதான் உள்ள போய் இருந்தன். மறுகா அந்தக் கடைசிப் பாட்டையும் கேட்டன். நல்லாப் பாடினாள். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். நம்புகிறேனா? எடுத்திருந்தாலும் எட்டு மணித்தியாலப் பயணம், எப்படியும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார் என்று அவருக்காக வாதாடத் தொடங்கினேன். அடிக்குறிப்பு ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். பாட்டு ஆசைதான் அவரை உள்ளே இழுத்தது, மற்றதெல்லாம் பிறகு கட்டிய காரணம் என்று சில நாள் தோன்றுகிறது. மறுநாள் அவர் முகத்தைக் கண்டால் அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

5.

நோறா நேற்று வந்தாள். நான் எழுதுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒருக்கா ரிங் போனது அங்கிள்," என்றாள். "மறுகா திரும்ப ஓஃப். டடா போனப் பாத்தவரா? இல்லையெண்டு நீங்க சொன்னா நான் நம்புறன்."

இன்னும் எழுதி முடியவில்லை என்றேன். கோழைத்தனம்தான்.

மகள் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே லெஸ்டர் என்னிடம் சொன்னார். வாயால் சொல்ல அவருக்குத் துணிவில்லை. வாசித்தால் அவள் அந்த வீட்டில் இருக்க மாட்டாள். அவர் வாசித்தால் அடிக்குறிப்பு கண்ணில் படும். அதற்குப் பிறகு அவரை நினைக்கவே பயமாக இருக்கிறது.

நாளைக் காலை தாள்களை வாங்க நோறா வருகிறாள். 4ஆ-வையும் அடிக்குறிப்பையும் இந்தக் கடைசிப் பக்கத்தையும் உருவிவிட்டால் ஒரு நல்ல பொய் மிஞ்சும். உருவட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். ஆனால் எதைச் சொன்னாலும், நாளைக்கு அவள் கதவைத் தட்டும்போது நீங்களும் என்னோடு உள்ளேதான் இருப்பீர்கள்.